ஒரே நோட்டில் இருபத்து மூன்று ஊர்

தொப்பூர்
ஜனவரி 20

பெங்களூரில் வீற்றிருக்கும் செல்வி காவியாவுக்கு,

தொப்பூர் கணவாய் அடிவாரத்தில் மாதவராஜ் மெஸ் என்னும் பேரரசை இருபத்தெட்டு வருடமாக ஆண்டுவருபவனும், காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் அத்தனை லாரி டிரைவர்களின் வயிற்றுக்கும் அதிபதியும், உன் அம்மா அமுதவல்லிக்கு அண்ணனும், அந்த ஒரே பாவத்தால் உனக்குத் தாய்மாமனும் ஆகிய மாதவராஜ் எழுதுவது.

நலமா என்று கேட்க மாட்டேன். ஃபோனில் தாய்மாமனைத் தடுத்து வைத்திருக்கிறவள் நலமாகத்தான் இருப்பாள்.

நான் செய்த குற்றம் என்ன? நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர், "பொண்ணுக்கு பெங்களூர்ல என்னங்க வேல?" என்று கேட்டார். "டெலிபோன் டைரக்டரியா இருக்குதுங்க" என்றேன். மண்டபத்துக் கூரை அரை அடி எழும்பி உட்கார்ந்தது, அப்படி ஒரு சிரிப்பு. மாப்பிள்ளை மதியழகனும் சிரித்தார். அவருடைய மீசை, அதை மீசை என்று நாம் ஒப்புக்கொண்டால், இரண்டு பக்கமும் துடித்தது. இதற்காகவா ஒரு மாமனைத் தடுப்பார்கள்?

போகட்டும். மார்ச் 2 உனக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, பேரரசர்களுக்கு யாரும் எதையும் கொடுப்பதில்லை. நம் சொந்தம் இருபத்து மூன்று ஊரில் கிடக்கிறது. இதுவரை என்ன செய்தார்கள்? ஊருக்கு ஒரு வீட்டில் வெற்றிலை பாக்கோடு ஒரு கட்டுப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். அந்த வீட்டுக்காரர் கவரில் பெயர் எழுதி அவர் ஊருக்குக் கொடுப்பார். இருபத்து மூன்று சோம்பேறிகள்! அதில் பாதிப் பேருக்குத் தன் பெயரையே தப்பில்லாமல் எழுத வராது. நான் ஒரே நோட்டுப் போடப்போகிறேன். இருபத்து மூன்று ஊர், ஒவ்வொரு வீடு, ஒவ்வொரு பெயர், எல்லாம் என் கையில். ஒவ்வொரு கவரிலும் என் எழுத்து.

உன் அம்மா இன்னொன்று சொன்னாள். கம்ப்யூட்டரில் ஒரு பெயரைத் தட்டினால் அது எந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்வதுதான் உன் கம்பெனியின் வேலையாம். அந்தப் பெயரெல்லாம் ஒரே இடத்தில் இல்லையாம். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறதாம். நான் சிரித்த சிரிப்பில் குருமா அண்டா ஆடியது. ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைக்கத் துப்பில்லாத கூட்டத்துக்கு ஏசி ரூம் எதற்கு?

பதில் போடவும்.

மாதவராஜ்


பெங்களூர்
ஜனவரி 24

மாமா,

கடிதம் கிடைத்தது. ஏழு பக்கத்தில் விஷயம் நாலு வரி.

உங்கள் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அதுவும் கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து இன்னொரு தடவை உளறிவிடக் கூடாதே என்ற பயத்தில்.

நீங்கள் இன்று கண்டுபிடித்த ஒரே நோட்டை இன்டர்நெட் நீங்கள் பள்ளிக்கூடத்தில் பெயிலாகிக்கொண்டிருந்த காலத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு அலுவலகத்தில் ஒரே ஒரு பட்டியல். எந்தக் கம்ப்யூட்டர் பெயருக்கு எந்த எண் என்று அதில் இருக்கும். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சேர்ந்தால் அந்த அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் எழுதுவார்கள். மற்ற எல்லாரும் அந்தப் பட்டியலை நகல் எடுத்துக்கொண்டு போவார்கள். சில நூறு பேர் இருந்தவரை ஓடியது. பிறகு நகல் எடுத்து முடிப்பதற்குள் பட்டியல் பழசாகிவிட்டது. ஒரே பெயரை இரண்டு பேர் வைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் அந்த ஒரு வாசலில் போய் முட்டினார்கள்.

அதனால் பிரித்தார்கள். உச்சியில் இருப்பவருக்குப் பெயரின் வாலில் வரும் '.in' யாரிடம், '.com' யாரிடம் என்பது மட்டும் தெரியும். அவர் காட்டும் ஆளிடம் போனால் அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்று அந்த ஆள் சொல்வார். அவரிடம் போனால் அவருக்கு அடுத்தவர். கடைசியில் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரே எண்ணைச் சொல்வார். அவர் எண்ணை மாற்றினால் மேலே இருக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

புரியவில்லை என்றால் உங்கள் கல்லாவைப் பாருங்கள். ஹரியானா டிரைவர் தக்காளி ஏற்ற வருகிறார். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தைச் சொல்லி வழி கேட்கிறார். உங்களுக்குத் தோட்டம் தெரியுமா? "தருமபுரி போயி பாலக்கோடு ரோட்டுல கேளு" என்கிறீர்கள். அங்கே ஊரைக் காட்டுவார்கள். ஊரில் தோட்டத்தைக் காட்டுவார்கள். தினமும் நூறு தடவை நீங்கள் செய்கிற வேலைதான் மாமா நான் செய்வது. என்ன, எங்களிடம் கேட்டால் சரியான ஊருக்குப் போவார்கள்.

நோட்டை மூடி வையுங்கள். பழைய வழக்கப்படியே ஊருக்கு ஒரு வீட்டில் கட்டைக் கொடுங்கள். அதியமான்கோட்டைக் கட்டு காளியப்பன் பெரியப்பா வீட்டுக்கு. அதை மட்டும் மறக்க வேண்டாம்.

காவியா


தொப்பூர்
பிப்ரவரி 2

உலகப் பெயர்களின் காவல் தெய்வத்துக்கு,

உன் விளக்கத்தை மெஸ்ஸில் உரக்கப் படித்தேன். மாவாட்டும் தங்கம்மாள்கூடத் துப்பிவிட்டு எழுந்து போனாள். உச்சியில் உட்கார்ந்திருக்கும் மகாராஜாவுக்கு ஒன்றுமே தெரியாது, "அங்க போய்க் கேளு" என்பது மட்டும்தான் தெரியும் என்கிறாய். அதற்கு எதற்கு மகாராஜா? சுங்கச்சாவடியில் ஒரு பலகை நட்டால் போதாதா?

இப்போது கேள், என் நோட்டின் மகிமையை. இருநூறு பக்கம், கெட்டி அட்டை. ஆயிரத்து நானூற்று அறுபத்திரண்டு வீடு. பதினோரு நாளில் முடித்தேன். என் மொபெட் ஓடிய தூரத்துக்கு நிலாவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஊரூராகப் போய் "யார் யார் தனிக்குடித்தனம்?" என்று கேட்டுக்கொண்டா நிற்பேன்? சிலிண்டர் போடும் முனிராஜைப் பிடித்தேன். எந்த வீட்டில் எத்தனை கேஸ் இணைப்பு, யார் யார் பெயரில் என்று அவனுக்கு மனப்பாடம். ஓர் இணைப்பு ஓர் அடுப்பு. ஓர் அடுப்பு ஒரு குடும்பம். ஒரு குடும்பம் ஒரு கவர். அந்த அமெரிக்க அலுவலகத்தில் ஒரு முனிராஜ் இருந்திருந்தால் உன் கம்பெனியே தேவைப்பட்டிருக்காது.

அதியமான்கோட்டைக்கு நேற்றுப் போனேன். கட்டெல்லாம் கொடுக்கவில்லை. அறுபத்தொரு வீட்டுக்கும் நானே நேரில் போய் வைத்தேன். உன் அப்பா வீட்டுக்கும் போனேன். உன் பெரியப்பா காளியப்பனும் சித்தப்பா நவநீதனும் ஒரே வாசல், ஒரே அடுப்பு, பாகம் பிரியாத வீடு என்று முப்பது வருடமாகப் பீற்றிக்கொள்கிறார்களே, முனிராஜ் கணக்கில் அங்கே இரண்டு இணைப்பு. ஒன்று காளியப்பன் பெயரில், ஒன்று நவநீதன் மனைவி நிர்மலா பெயரில். ஆகவே இரண்டு தட்டு, இரண்டு கவர். அண்ணன் கையில் ஒன்று, தம்பி கையில் ஒன்று. அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தார்கள்.

அந்த இரண்டு பேர் முகத்தையும் நீ பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு பெருமை!

மாமன்னன் மாதவராஜ்


பெங்களூர்
பிப்ரவரி 6

மாமா,

பெருமை இல்லை. அவமானம்.

நேற்று அம்மா அழுதுகொண்டே பேசினாள். பெரியப்பா ஃபோன் செய்தாராம். "எங்க வூடு ரெண்டாயிடுச்சுன்னு ஊரக் கூட்டி வெச்சு உன் அண்ணன் சொல்லிட்டுப் போயிட்டான். பிரிஞ்சி போன வூட்டு ஆளு மணையில நின்னு தாரை வார்க்கக் கூடாது. பத்திரிகைல இருந்து என் பேர எடுத்துடு அமுதா" என்றாராம். வைத்துவிட்டாராம். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

பத்திரிகையில் அவர் பெயர்தான் முதலில் அச்சாகியிருக்கிறது. அப்படி இருந்தும் தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் அழைப்பு என்று உங்களுக்குத் தெரியும். ஒரே வாசலில் ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு வைத்தால் என்ன அர்த்தம் என்றும் தெரியும். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களுக்குத் தனித்தனியாகப் பத்திரிகை வைப்பது அவர்கள் வாசலில் குறுக்குச் சுவர் எழுப்புவது மாதிரி. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு சிலிண்டர் ரசீதை நம்பி அந்தச் சுவரை எழுப்பிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

போதாததற்கு அதியமான்கோட்டைக் கட்டு அந்த வீட்டுக்குப் போகவில்லை. அவர் ஊரில் அவரைக் கேட்காமல் அறுபத்தொரு வீடு ஏறியிருக்கிறீர்கள்.

அப்பா போன பிறகு மணையில் என் கையைப் பிடித்துக் கொடுக்க இருப்பவர் பெரியப்பா ஒருவர். அவர் வராத கல்யாணம் எனக்கு வேண்டாம். மதியழகனிடமும் சொல்லிவிட்டேன்.

உங்கள் நோட்டை அடுப்பில் போடுங்கள். எத்தனை இணைப்பு இருக்கிறதோ அத்தனை அடுப்பிலும்.

காவியா


தொப்பூர்
பிப்ரவரி 9

காவியா,

இந்த மிரட்டலுக்கெல்லாம் அசைகிற ஆள் நான் இல்லை. கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி நேரே என் மெஸ்ஸை நோக்கி வந்தபோதே தோசையைத் திருப்பிப் போட்டவன்.

உன் பெரியப்பாவுக்கு ரோஷம் வேறு. வீட்டில் இரண்டு இணைப்பு இருப்பது உண்மைதானே? உண்மையைக் கவரில் எழுதினால் கோபம் வருமா? அவர் வராவிட்டால் என்ன, தாரை வார்க்க நான் இல்லையா? பட்டு வேட்டி தயார். என் உயரத்துக்கும் மீசைக்கும் உன் மாப்பிள்ளை பயந்துபோய்த் தாலியை எனக்கே கட்டிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மற்றபடி இங்கே சின்னச் சின்னச் சலசலப்பு. பேரரசு என்றால் இருக்கும். காலமாகிவிட்ட மூன்று பேருக்கு என் நோட்டு அழைப்பு வைத்திருக்கிறது. ஒரு வீட்டில் மாலை போட்ட படத்துக்கு முன்னால் என் கவரைச் சாய்த்து வைத்து, "மாதவராஜு எழுதியிருக்காரு, வருவாருங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்களாம். நோட்டில் காளியப்பன் என்ற பெயரில் மட்டும் பத்தொன்பது பேர். அவர்கள் கவர்கள் ஒன்றுக்கொன்று மாறி ஊர் ஊராகப் போய்விட்டன. அவரவர் ஊரில் அவரவர் ஒரே காளியப்பன்தான். என் நோட்டில் வந்து சேர்ந்ததும்தான் இந்தக் கூட்டம்.

திருத்தம் சொல்லக் காலையிலிருந்து ஃபோன். "எம் மருமவ தனியா போயிட்டாங்க." "நாங்க ஓசூர் போயி நாலு வருசம் ஆச்சுங்க." வலது கையில் தோசைக் கரண்டி, இடது கையில் பேனா. நான் ஒன்றைத் திருத்துவதற்குள் மூன்று மாறுகிறது. நேற்று எழுபது தோசை கருகியது. ஒரு பஞ்சாப் டிரைவர் கருகிய தோசையைத் தன் வண்டியின் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார். நான் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் இருபத்து மூன்று ஊரில் ஒரு பத்திரிகை நகராது போலிருக்கிறது.

நான் தோற்றேன் என்று எண்ணாதே. உன் அந்தச் சிதறிக் கிடக்கிற ஏற்பாட்டில் இப்படித் தப்பு நடந்தால் என்ன செய்வார்கள் என்று சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

மாதவராஜ்


பெங்களூர்
பிப்ரவரி 13

மாமா,

நீங்கள் தாரை வார்ப்பதாக இருந்தால் நான் மணையில் உட்கார மாட்டேன். முதலில் அதை மனதில் வையுங்கள்.

அப்பா போனபோது நான் ஒன்பதாவது. ஹாஸ்டலில் இருந்தேன். மாதம் ஒரு ஞாயிறு பெரியப்பா பஸ் ஏறி வருவார். ஒன்றும் பேசத் தெரியாது. வேர்க்கடலை மூட்டையை வைத்துவிட்டு, "படிக்கிறியா?" என்பார். "ம்" என்பேன். அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். நாலு வருடம். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. நீங்கள் அந்த நாலு வருடத்தில் வந்தது ஒரே தடவை. வார்டன் அறையில் கணவாய் விபத்துகளைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினீர்கள்.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டதற்குப் பதில்.

எங்கள் கம்பெனியில் போன வருடம் ஒருவர் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டார். அந்தத் தப்பு பல ஊர்க் கம்ப்யூட்டர்களுக்குப் பரவியது. ஒவ்வொன்றும் ஒரு தடவை கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் உச்சிக்குப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தால் உச்சி தாங்காது, அதற்காக. அந்த ஞாபகத்துக்கு ஒரு கெடு உண்டு. பரவிய தப்பை ஒவ்வொரு இடமாகத் துரத்திப்போய் அழிக்க முடியாது. பதிலுக்குச் சொந்தமான இடத்தில் திருத்திவிட்டுக் கெடு முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். கெடு முடிந்ததும் எல்லாம் மறுபடி கேட்கும். புதுப் பதில் போய்ச் சேரும்.

இப்போது அதியமான்கோட்டை முழுக்க "அந்த வூடு ரெண்டாயிடுச்சாம்" என்று ஞாபகம் வைத்திருக்கிறது. வீடு வீடாகப் போய் மறுக்கப் பார்க்காதீர்கள். உங்களுக்கு அதுதான் பிடிக்கும், அதனால்தான் சொல்கிறேன். அந்த வீடு ஒன்றா இரண்டா என்று சொல்லும் உரிமை முனிராஜுக்குக் கிடையாது. உங்களுக்குக் கிடையாது. எனக்கும் கிடையாது. அந்த வீட்டுக்குத்தான் உண்டு. உங்கள் நோட்டில் இருப்பது சரியா தப்பா என்பது இங்கே கேள்வியே இல்லை. அது நோட்டில் இருந்ததுதான் தப்பு.

ஒரே ஒரு கவர் எடுங்கள். பெயர் எழுதாதீர்கள். தட்டில் வைத்து, பக்கத்தில் பேனாவை வைத்து, பெரியப்பாவிடம் கொடுத்து, "நீங்களே எழுதுங்க" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. முடியுமா உங்களால்? முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

காவியா


தொப்பூர்
பிப்ரவரி 19

காவியாவுக்கு,

படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

நேற்றுக் காலை போனேன். நீ சொன்னதற்காக இல்லை; மொபெட் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. உன் பெரியப்பா வாசலில் புளி காயப் போட்டிருந்தார். பெரியம்மா பாஞ்சாலி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நவநீதன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். நாற்காலி போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"வாங்க மச்சான். எந்த வூட்டுக்கு வந்தீங்க? மொத வூட்டுக்கா, ரெண்டாவது வூட்டுக்கா?" என்றார் உன் பெரியப்பா.

"சிலிண்டர்காரன் கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அப்பறமா உக்காரச் சொல்லுங்க" என்றாள் பாஞ்சாலி, புளியைப் பார்த்தபடி.

நவநீதன் எழுந்தே உட்கார்ந்தான். "நோட்டு கொண்டாந்தீங்களாங்க? எனக்கு எத்தன புள்ளைங்கன்னு அதுல பாத்துச் சொல்லுங்க. எனக்கே மறந்துபோச்சு."

இவர்களுக்குப் பதில் சொல்ல என் நாக்கில் பதினாறாயிரம் படை ஆயுதத்தோடு நின்றது. உன்னை நினைத்து அத்தனையையும் பாசறைக்கு அனுப்பினேன். தட்டை வைத்தேன். ஒரு கவர், ஒரு பேனா.

"பேரு எழுதலீங்களா?" என்றார்.

"உங்க வூட்டுப் பேரு எனக்குத் தெரியாதுங்க மச்சான். நீங்களே எழுதுங்க."

தெரியாது! ஐம்பத்தெட்டு வருடத்தில் இந்த வாய் சொல்லாத வார்த்தை. நான் மயங்கி விழவில்லை என்பதே ஆச்சரியம். பாஞ்சாலியின் கை நின்றது. உன் பெரியப்பா பேனாவைத் தொடவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. வந்தவனுக்குக் காப்பி கொடுக்க வேண்டும் என்று பாஞ்சாலி எழுந்து உள்ளே போனாள். முன் சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். அதே நேரம் பின்கட்டிலிருந்து நிர்மலா இன்னொரு டம்ளரோடு வந்தாள். இரண்டிலும் ஆவி பறக்கிறது. ஒன்று சர்க்கரை, ஒன்று நாட்டுச் சர்க்கரை, நிறத்திலேயே தெரிந்தது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கல்லாய் நின்றார்கள். நவநீதன் தலையைக் குனிந்துகொண்டான். உன் பெரியப்பா என்னைப் பார்த்தார்.

என் நோட்டு சரி, காவியா. அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு பழைய மாதவராஜ் என்ன செய்திருப்பான்! ஏறி நின்று தண்டோரா போட்டிருப்பான். பெங்களூர் வரை கேட்டிருக்கும். நான் அந்த மனிதருடைய முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை அது. இத்தனை நாளும் அது கோபம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு டம்ளரையும் வாங்கினேன். ஒன்றைக் குடித்தேன். இன்னொன்றையும் குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது. "இந்த வூட்டுக் காப்பி ரெண்டு டம்ளராவது குடிச்சாத்தான் எனக்கு ஆகும்னு ரெண்டு பேருக்குமே ஞாபகம் இருக்குது பாருங்க" என்றேன். நீ பேசக் கூடாது என்று சொன்னதை மீறிவிட்டேன். இந்த ஒரு வாக்கியம் மட்டும்தான்.

உன் பெரியப்பா பேனாவை எடுத்தார். ஒரே கவரில், "காளியப்பன் நவநீதன் குடும்பத்தார்" என்று எழுதி நவநீதனிடம் நீட்டினார். அவன் படித்துவிட்டு அண்ணனிடமே கொடுத்தான்.

"ஊருக்குக் கட்டு எங்க?" என்றார். பையிலிருந்து எடுத்து வைத்தேன். பட்டியல் எதையும் பார்க்காமல் எழுத ஆரம்பித்தார். "இவரு போயி மூணு வருசம் ஆச்சு, மகன் பேரு போடணும். இவங்க ரெண்டு பேரும் இப்பப் பேசிக்கறதில்ல, தனித்தனியா கொண்டு போவணும்." நான் முழுதாக ஒரு நாள் அலைந்து தப்பாக வைத்த அறுபத்தொரு வீட்டை அரை மணியில் முடித்தார். இந்த மனிதரைத்தான் சோம்பேறி என்று எழுதினேன்.

கல்யாணத்துக்கு வருவேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது உள்ளே திரும்பி, "பாஞ்சாலி, அந்தச் செம்ப எடுத்துப் புளி போட்டு வெளக்கி வையி" என்றார். தாரை வார்க்கும் செம்பு. உன் அப்பா கல்யாணத்துக்கு வாங்கியது. எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து நோட்டைக் கிழித்தேன். இருபத்து மூன்று ஊர்ப் பக்கங்களையும் அந்தந்த ஊர் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். "தப்பு இருந்தால் நீங்களே திருத்துங்கள்" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். என்னிடம் மிச்சம் ஒரே ஒரு தாள். இருபத்து மூன்று ஊர், ஊருக்கு ஒரு பெயர். பேரரசு ஒரு பக்கமாகச் சுருங்கிவிட்டது. ஃபோன் அடிக்கவில்லை. தோசை கருகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை வெளியே சொல்லாதே.

ஒரே ஒரு குறை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஊரெல்லாம் பத்திரிகை வைத்தவனுக்குப் பத்திரிகை வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மாதவராஜ்


பெங்களூர்
பிப்ரவரி 23

மாமா,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

இரண்டு அடுப்பு விஷயம் எனக்குப் பொங்கலிலிருந்தே தெரியும். பெரியம்மாவும் சித்தியும் ஒத்துப்போகவில்லை. என் கல்யாணத்தில் ஒரே வீடாக நிற்க வேண்டும், அதுவரை வெளியே தெரியக் கூடாது என்று நாலு பேரும் பேசி வைத்திருந்தார்கள். எனக்காக. உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாள் காஷ்மீர் டிரைவருக்கும் தெரிந்திருக்கும்.

அந்த வீட்டுக்குள் எத்தனை அடுப்பு என்பது வாசலுக்கு வெளியே நிற்பவருக்குத் தேவையில்லை மாமா. வாசலில் கேட்டால் ஒரு பதில் வர வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வேலையும் அதுதான். இரண்டு டம்ளரையும் குடித்தபோது உங்களுக்கு அது புரிந்திருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் நீங்கள் எனக்காகச் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம்.

நேற்றுப் பெரியப்பா அம்மாவுக்கு ஃபோன் செய்தார். "முகூர்த்தம் ஆறு மணிக்கா, ஆறரைக்கா?" என்று மட்டும் கேட்டாராம்.

இதனுடன் ஒரு பத்திரிகை இருக்கிறது. கவரில் பெயர் எழுதவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஃபோனில் தடையை எடுத்துவிட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு செய்தி. மூன்றாவது வந்தால் கெடு முடிந்தது.

காவியா


தொப்பூர்
பிப்ரவரி 26

காவியா,

ஃபோனில் சொல்லியிருக்கலாம். இன்றைய இரண்டு செய்தியையும் காலை ஐந்தரைக்கே அனுப்பி முடித்துவிட்டேன்.

பத்திரிகை வந்தது. கவரை மேஜையில் வைத்து, கையைக் கழுவி, நல்ல பேனா எடுத்து உட்கார்ந்தேன். 'தொப்பூர் கணவாயின் தனிப்பெரும் அதிபதி, லாரிகளின் வழிகாட்டி, தோசைகளின் சக்கரவர்த்தி, நோட்டுகளை வென்ற மாவீரன்' என்று எழுதிக்கொண்டே போனதில் கவர் நிரம்பிவிட்டது. பெயர் எழுத இடமில்லை. அடித்தேன். தங்கம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னொரு கவரு வாங்கியாறட்டுங்களா?" என்றாள்.

"வேணாம் தாயே. ஒரே வூட்டுக்கு ரெண்டு கவரு வெச்சா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும்."

எல்லாவற்றையும் அடித்த பிறகு கீழ் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் மிச்சம் இருந்தது. அதில் 'மாமன், தொப்பூர்' என்று எழுதினேன். இங்கே வந்து கேட்டால் காட்டிவிடுவார்கள். மேலே இருக்கிறவர்களுக்கு அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை.